நரம்பும் நாணும்

தமிழ்த்துறை மலரில் நரம்பணுவைப் பற்றிய கட்டுரைக்கு இடமேது என வினவுவோர் இருக்கக்கூடும். அவ்வினா நியாயமானதே. விலங்கியல் துறை நண்பர்கள் எழுத வேண்டியதை யாம் எழுதத் துணிந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, 'நரம்பு' என்னும் சொல். மற்றொன்று, எம் குடும்பத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டியின் கைகள்.

சொல்லை முதலில் காண்போம். பழந்தமிழ் நூல்களைப் பயில்வோருக்கு நரம்பு என்றதும் நினைவில் எழுவது யாழ். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புகளின் தொகையை உரையாசிரியர் வகுத்துரைப்பர். விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலில் அந்நரம்புகளின் இசையைக் கணக்கிட்டுக் காட்டினார். அறிவியல் ஆசிரியராகவும் தமிழ்ப் பண்டிதராகவும் ஒருசேர விளங்கியவர்க்கே அப்பணி கைகூடியது. உடலுள் ஓடும் நரம்புக்கும் அதே பெயர். இலையில் தெரியும் கோடுகளும் நரம்பே. இரத்தக் குழாயில் ஏற்றப்படும் ஊசியை நம் மக்கள் 'நரம்பூசி' என்கின்றனர். தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறத் தசைநாணையும் பேச்சுவழக்கில் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம்.

இவ்வாறு பல பொருளை ஒரு சொல்லால் குறிப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. 'நியூரான்' என்னும் கிரேக்கச் சொல்லும் தசைநாண், வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி ஆகியவற்றையே முதற்கண் குறித்தது. தொலைவில் வழங்கிய இரு தொன்மொழிகள் ஒரே உவமையைக் கண்டமை வியப்பிற்குரியது. எனினும் அழகிய உவமை உண்மையை மறைக்கவும் வல்லது. இழுத்துக் கட்டிய தந்தி என்றதும், ஒரு முனையைத் தீண்டினால் மறுமுனை வரை அதிரும் ஒற்றை இழை என்றே மனம் கொள்கிறது. உடலின் நரம்பு அத்தகையதன்று. அது தசைநாணும் அன்று. இவ்வேறுபாட்டை அறிந்தால் என்ன, அறியாவிட்டால் என்ன என்று கேட்பவர்க்கு விடையாகவே அம்மூதாட்டியைப் பற்றிக் கூற விழைகிறோம்.

எம் இளமை தாம்பரத்தில் கழிந்தது. 1980களின் பிற்பகுதி. எம் நன்னியின் தங்கையைச் சின்ன நன்னி என அழைப்போம். அவர் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையைக் கைப்பிடித் துணியின்றி வெறுங்கையால் இறக்கி வைப்பார். "எங்க சின்ன நன்னிக்குச் சூடே தெரியாது" என்று சிறுவர்களாகிய யாம் தெருப்பிள்ளைகளிடம் பெருமை பேசியதுண்டு. அவருடைய விரல்களுள் சில குட்டையாக இருந்தன. மணமாகிச் சில ஆண்டுகளிலேயே கணவர் வீட்டார் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர் என்பதைப் பெரியோர் தாழ்ந்த குரலில் பேசக் கேட்டிருக்கிறோம். "அந்த நோய் விரலைத் தின்றுவிடும்" என்பதே எமக்குக் கிடைத்த விளக்கம். அவ்விளக்கம் பிழையானது என அறிய எமக்கு நெடுநாள் ஆயிற்று. அப்பிழையைத் திருத்திய ஆராய்ச்சி தொடங்கிய இடம், தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய செங்கற்பட்டு என்பதையும் பின்னரே அறிந்தோம்.

செங்கற்பட்டுக்குச் செல்லுமுன் நரம்பணுவின் அமைப்பை அறிதல் வேண்டும்.

நரம்பைப் பற்றிய மனிதரின் எண்ணம் பலமுறை மாறியுள்ளது. பண்டைய கிரேக்க மருத்துவர் அதனை உள்ளீடற்ற குழாய் எனக் கருதினர். அதன் வழியே நுண்ணிய ஆவி ஒன்று பாய்வதாக நம்பினர். 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்ஹைதம் தம் ஒளியியல் நூலில், இரு கண்களிலிருந்தும் புறப்படும் நரம்புகள் மூளையை அடையுமுன் ஒன்றுகூடுவதை வரைந்து காட்டினார். நரம்பு மண்டலத்தைக் காட்டும் வரைபடங்களுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. குழாய் என்னும் கருத்தை அவரும் கைவிடவில்லை. அதனைக் கைவிட நுண்ணோக்கி தோன்ற வேண்டியிருந்தது.

1873ஆம் ஆண்டு இக்கட்டுரைக்கு இருமுறை வேண்டப்படும் ஆண்டு. அவ்வாண்டில் இத்தாலியரான கோல்ஜி, வெள்ளி உப்பைக் கொண்டு மூளைத் திசுவுக்குச் சாயமேற்றும் முறையை வெளியிட்டார். அச்சாயம் எல்லா அணுக்களையும் பற்றாது; மிகச் சிலவற்றை மட்டுமே பற்றும். அதுவே அதன் சிறப்பு. எல்லா மரமும் கறுத்தால் காடு இருளாகத் தெரியும். நூற்றில் ஒரு மரம் மட்டும் கறுத்தால் அதன் வேரும் கிளையும் தெளிவாகத் தெரியும். தாம் கண்ட இழைகள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே வலை எனக் கோல்ஜி முடிவு செய்தார். ஸ்பெயின் நாட்டவரான ரமோன் இ கஹால் அதே சாயத்தைக் கொண்டு 1888 முதல் ஆராய்ந்து, வலை என்று ஒன்றில்லை, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி உயிரணுவே, அவற்றின் முனைகள் நெருங்குகின்றனவேயன்றி ஒன்றாவதில்லை என வாதிட்டார். 1906இல் இருவருக்கும் ஒரே நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசேற்புரையிலும் கோல்ஜி வலைக் கொள்கையையே வலியுறுத்தினார். ஒரே மேடையில் நின்று ஒருவர் மற்றவரை மறுத்த காட்சி, நம் புலவர் சபைகளைக் கண்டவர்க்குப் புதிதன்று. வென்றது கஹாலின் கருத்து. 1950களில் மின்னணு நுண்ணோக்கி அந்த இடைவெளியைக் கண்ணெதிரே காட்டிற்று.

நரம்பணு ஒன்றைப் பள்ளிப் பாடநூல்கள் சைட்டான், டென்ட்ரைட், ஆக்சான் என மூன்றாகப் பிரித்துக் காட்டும். உட்கருவைத் தாங்கி, அணுவுக்கு வேண்டிய புரதங்களை ஆக்கும் உடற்பகுதி சைட்டான். மரக்கிளைபோல் பிரிந்து, பிற அணுக்களிலிருந்து செய்தியைப் பெறுபவை டென்ட்ரைட்டுகள். செய்தியை வெளியே எடுத்துச் செல்லும் ஒற்றை நீளிழை ஆக்சான். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக 2009இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அவ்வெண்ணிக்கையைவிட எம்மை வியப்பில் ஆழ்த்துவது ஆக்சானின் நீளமே. காற்பெருவிரலின் தீண்டலை உணரும் நரம்பணுவின் உடல், முதுகெலும்பை அடுத்த ஒரு சிறு முடிச்சில் அமர்ந்திருக்கிறது. விரல் வரை எட்டுவது அதன் இழை மட்டுமே. அவ்வணுவின் உடலை ஒரு மிளகின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால், அதன் இழை நம் கல்லூரித் திடலின் நூறு மீட்டர் ஓட்டப்பாதை முழுதும் நீளும். இத்தனை நீளமும் ஒரே ஓர் உயிரணு.

இவ்விழையில் செய்தி எவ்வாறு செல்கிறது? அமைதி நிலையில் அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் அளவு எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். வெளியே சோடியம் மிகுதி; உள்ளே பொட்டாசியம் மிகுதி. தூண்டல் நேர்ந்ததும் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறக்க, சோடியம் உள்ளே பாய்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடிப் பொழுது அவ்விடத்தின் மின்தன்மை தலைகீழாகிறது. அதனைக் கண்டு அடுத்த இடத்தின் வாயில் திறக்கிறது. அதற்குள் பொட்டாசியம் வெளியேறி முதலிடத்தைப் பழைய நிலைக்குக் கொணர்கிறது. ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்முனையைச் செருகி இதனை அளந்து, 1952இல் கணித வடிவில் தந்தவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்போர். இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் ஒவ்வொரு துடிப்பின் அளவும் ஒன்றே. அழுத்தம் கூடினால் துடிப்புகள் அடுத்தடுத்து விரைந்து எழும், அவ்வளவே. யாழ் நரம்பை வலிந்து மீட்டினால் ஓசை பெருகும். உடல் நரம்பு அவ்வாறு பாடுவதில்லை.

இழையின் முனையில் இடைவெளி குறுக்கிடுகிறது. ஷெரிங்டன் 1897இல் இதற்குச் சினாப்ஸ் எனப் பெயரிட்டார். ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்கிட்டால் அதில் ஒரு பங்கே இவ்விடைவெளி. ஆயினும் மின்துடிப்பு பெரும்பாலும் இதனைத் தாண்டுவதில்லை. முனையிலுள்ள நுண்பைகள் வெடித்து வேதிப்பொருளை உகுக்க, அது அக்கரையிலுள்ள ஏற்பிகளில் சென்று பொருந்துகிறது. பொருந்திய பின்னரே அடுத்த அணுவில் புதிய துடிப்பு எழவோ அடங்கவோ செய்யும். ஓட்டோ லோவி 1921இல் இதனை மெய்ப்பித்தார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை மற்றொரு தவளையின் இதயத்தில் இட்டார். எந்த நரம்பும் தீண்டாத அவ்விதயமும் மெதுவாகத் துடித்தது. நீரில் கரைந்திருந்த பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. இச்சோதனை தமக்குக் கனவில் தோன்றியதென்றும், நள்ளிரவில் குறித்து வைத்த எழுத்தை விடிந்தபின் தம்மாலேயே படிக்க இயலவில்லை என்றும், மறு இரவு மீண்டும் தோன்றியதும் ஆய்வகத்துக்கு ஓடியதாகவும் அவர் கூறியுள்ளார். விடைத்தாள் திருத்தும் எமக்கு அம்முதல் இரவின் துயரம் நன்கு விளங்குகிறது.

ஆக்சானுக்குத் துணையிருக்கும் ஓர் அணுவைப் பற்றி இனிக் கூற வேண்டும். நம் கதைக்கு அதுவே திறவுகோல். கை, கால்களில் ஓடும் நரம்பிழைகளை ஸ்வான் செல்கள் என்னும் துணையணுக்கள் அணைத்துக் காக்கின்றன. தடித்த இழைகளின்மீது அவை பாய் சுருட்டினாற்போல் சுற்றிச் சுற்றி மையலின் என்னும் கொழுப்புறையை அமைக்கின்றன. உறைக்கும் உறைக்கும் இடையில் ரன்வீர் கணு எனும் சிறு வெற்றிடம். மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால் நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் விரைய முடிகிறது. எல்லா நிலையத்திலும் நின்று செல்லும் வண்டிக்கும், சில நிலையங்களில் மட்டும் நிற்கும் விரைவு வண்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் தாம்பரத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. மந்தமான வலியைக் கொணரும் மெல்லிழைகளுக்கு இவ்வுறை இல்லை. அவற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரே. கால்விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால், இடித்தது முதலில் தெரிந்து, ஆழ்ந்த வலி சற்றுப் பொறுத்து வருவதன் காரணம் இதுவே. உறையற்ற இவ்விழைகளையும் ஸ்வான் செல்களே மடியில் தாங்கியுள்ளன.

1873ஆம் ஆண்டு மீண்டும் வருகிறது. கோல்ஜி சாயமேற்றிய அதே ஆண்டில், நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். பரம்பரைச் சாபம் எனவும் தீவினைப் பயன் எனவும் கருதப்பட்ட நோய்க்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்பது அன்று தெளிவாயிற்று. இக்கிருமி மிக மெதுவாகப் பெருகும். இருமடங்காக ஏறத்தாழ இரு வாரம் கொள்ளும். உடலின் குளிர்ந்த பகுதிகளையே நாடும். அது குடிபுக விரும்பும் இடம் ஸ்வான் செல். ஆகவே தோலை ஒட்டி ஓடும் நரம்புகளே முதலில் தாக்குண்கின்றன. முழங்கை இடித்துக்கொண்டால் மின்சாரம் தாக்கியதுபோல் சுண்டுவிரல் வரை அதிர்கிறதே, அங்கு ஓடும் அல்னார் நரம்பு அவற்றுள் முதன்மையானது. நரம்பு வீங்கி, இழைகள் நசிந்து, செய்தி நின்றுவிடுகிறது. சூடு, வலி, தீண்டல் ஆகிய உணர்வுகள் மறைகின்றன. கைக்குள்ளிருக்கும் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன.

விரல்கள் உதிர்வது ஏன்? 1947 வரை மருத்துவ உலகிலும் பலர் எம் தெருவார் கூறிய விடையையே கூறி வந்தனர். நோய் தசையை அழுகச் செய்கிறது என்பதே அவ்விடை.

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம், 1955இல் நடுவணரசின் பொறுப்பில் மையத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று. அவ்வில்லத்தை நடத்தி வந்த மருத்துவர் ராபர்ட் காக்ரேன், 1947இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டை அங்கு அழைத்துச் சென்று காட்டினார். பிராண்ட் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். மடங்கிய விரல்களோடு நின்ற இளைஞர் ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு கேட்டார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவர், அந்த இறுக்கத்தில் வலி பொறுக்காது தவித்தார். அக்கணமே அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. இக்கையின் முன்கைத் தசைகள் பழுதற்றவை. நரம்பு ஊமையானதே தவிர, நாண் அறுபடவில்லை.

நரம்பையும் நாணையும் ஒரே சொல்லால் குறித்த நம் வழக்கு இங்கேதான் பிரிந்து நிற்கிறது. முன்கைத் தசைகளுக்குச் செல்லும் நரம்பிழைகள் ஆழத்தில், வெதுவெதுப்பான இடத்தில் பிரிவதால் கிருமி அவற்றைப் பெரிதும் தீண்டுவதில்லை. ஆகவே நலமாயுள்ள ஒரு தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த சிறுதசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தலாம். 1948 முதல் வேலூரில் பிராண்ட் இவ்வறுவைச் சிகிச்சையைச் செய்து, மூடிய கைகளைத் திறக்கலானார். சிகிச்சை பெற்றோர் பழைய தசைக்குப் புதிய தொழிலைப் பயிற்றப் பல வாரங்கள் உழைக்க வேண்டியிருந்தது. மூளையின் நரம்பணுக்கள் முதுமையிலும் மாணாக்கராக அமரக்கூடியவை என்பதற்கு அக்கைகளே சான்று.

உதிரும் விரல்களின் மறைபொருளும் அவ்வாறே அவிழ்ந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் பிராண்ட் நின்றபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருகினான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவன் அறியவில்லை. இரவில் சிலருடைய விரல் நுனிகள் காணாமற்போயின. காவலிருந்து பார்த்ததில் எலிகள் கடித்தது தெரிந்தது. கடியுண்டவர் உறக்கம் கலையவில்லை. இவற்றை அவரே எழுதியுள்ளார். நோய் விரலைத் தின்னவில்லை. சூடான பானையும் கூரிய ஆணியும் ஆறாத புண்ணும் தின்றன. தீச்சூட்டிலிருந்து கையை வெடுக்கென இழுக்க வேண்டுமாயின், தோலின் செய்தி முதலில் தண்டுவடத்தை அடைதல் வேண்டும். ஸ்வான் செல்கள் சிதைந்த இழையில் அச்செய்தி புறப்படுவதேயில்லை. இடைவெளியின் அக்கரையில் காத்திருக்கும் நரம்பணுக்கள் யாவும் நலமாகவே உள்ளன. அவற்றுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை.

இன்று இந்நோய் முற்றிலும் குணமாகக்கூடியது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு மாதமோ ஓராண்டோ நீளும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவும் தன்மையை இழக்கிறது. ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, நெடுநாள் முன்பே இறந்த நரம்பை எழுப்பாது. வெட்டுண்ட ஆக்சான், உறைக்குழல் செவ்வையாக இருந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மீண்டும் வளரக்கூடியது. தழும்பேறி அடைபட்ட குழலில் அதற்கு வழியில்லை. ஆகவே காலம் முக்கியம். வெளிறிய தேமல் ஒன்று தோன்றி, அவ்விடத்தில் தொடுவுணர்வு குன்றினால் அதனை மறைக்கலாகாது. இதனை மாணவர்க்கெனவே எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பு மாணவர் ஒருவர் முழுக்கைச் சட்டையால் ஓராண்டு மறைத்து வைத்திருந்தார். விடுதியில் தெரிந்தால் என்ன ஆகுமோ என்னும் அச்சமே காரணம். பின்னர் மருந்துண்டு குணமடைந்து, பட்டமும் பெற்றார். சுண்டுவிரலில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. அவ்வோராண்டு கொண்ட விலை அது.

பொது நலச் சிக்கல் என்னும் அளவுக்குக் கீழே இந்நோய் குறைந்துவிட்டதாக 2005 இறுதியில் இந்தியா அறிவித்தது. எனினும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் அளவில் புதிய நோயாளர் நம் நாட்டில் கண்டறியப்படுகின்றனர். உலகில் கண்டறியப்படுவோருள் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. அச்சத்தைச் சட்டமும் நெடுங்காலம் தாங்கி நின்றது. நோயாளரை ஒதுக்கி வைக்க வகை செய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்கு உரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறிய விதிகள், 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் உள்ளிட்ட பல சட்டங்களிலிருந்து 2019இல் அகற்றப்பட்டன. ஜமாஅத்தில் அமர்ந்து குடும்ப வழக்கு கேட்கும் பெரியோர் இதனை அறிந்திருத்தல் நலம். ஆயினும் சின்ன நன்னியைத் திருப்பி அனுப்பியவர்கள் எந்தச் சட்டப் புத்தகத்தையும் புரட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அவரைத் திருமணிக்கு அழைத்துச் சென்றவர் எம் வாப்பா. அப்போது எமக்குப் பத்து வயது இருக்கும். கிருமி ஒழிந்தது, நரம்பு திரும்பவில்லை. அங்கு அவருக்குக் கற்றுக்கொடுத்தவை மிக எளியவை. பானையை இறக்க இடுக்கி, தேநீர்க் குவளைக்குத் துணியுறை, வெறுங்காலோடு நடவாமை. அதன்பின் எம் வீட்டுச் சமையலறையில் மரப்பிடி இல்லாத பாத்திரமே இராது. சிறுவர்களாகிய யாம் பெருமை பேச ஏதுமின்றிப் போனோம்.

இஷாத் தொழுகைக்குப் பின் அவர் விளக்கருகில் அமர்ந்து, இரு கைகளையும் விரித்து, ஒவ்வொரு விரலையும் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்ப்பார். பின் உள்ளங்கால்களையும் பார்ப்பார். விரல் கணுக்களில் தஸ்பீஹ் எண்ணுகிறார் என்றே யாம் கருதியிருந்தோம். ஒருநாள் அருகில் சென்று, "எத்தனை எண்ணினீங்க நன்னி?" என்றோம்.

"எண்ணலை கண்ணு. இன்னிக்கு எங்கே சுட்டுக்கிட்டேன்னு பார்க்கிறேன்" என்றார்.